வகுப்புக்குள் வந்த குருவி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். போன வாரம் ஆறாம் வகுப்பில் பின்னங்கள் நடந்துகொண்டிருந்தபோது குருவி ஒன்று உள்ளே வந்துவிட்டது. கணக்கு ஆசிரியை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மீதி நேரம் முழுக்கப் பறவைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஆனால் அந்த வகுப்பு ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறது. பயிற்சிக்குப் போனால் 'எதிர்பாராததை வரவேற்கப் பழகுங்கள்' என்கிறார்கள். போர்ஷனை யார் முடிப்பது என்று மட்டும் சொல்வதில்லை. திட்டமிடத் தெரியாதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல்தானா இது? அந்த ஆசிரியையிடம் நான் என்ன பேசுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் எரிச்சல் நியாயமானது. பயிற்சியில் அப்படிப் பேசுகிறவருக்கு அடுத்த மாதம் தேர்வு கிடையாது. ஆனால் வரவேற்பது என்றால் கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவது என்று நீங்களும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த ஆசிரியையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில்தான் உடன்பாடில்லை.

1820 ஏப்ரலில் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் மாணவர்கள் முன்னால் மின்சாரத்தைப் பற்றிய செய்முறை ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் பக்கத்தில் இருந்த காந்த ஊசி லேசாக அசைந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று முன்பே நினைத்தவர்தான் அவர். ஆனாலும் அசைவு மிகச் சிறியது, பார்த்தவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அங்கேயே கூத்தாடவில்லை. மனதில் வைத்துக்கொண்டு, ஜூலையில் இன்னும் வலுவான மின்கலத்தோடு திரும்பவும் செய்து பார்த்து, அதே மாதம் முடிவை வெளியிட்டார். மின்காந்தவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் வகுப்பில் முதலில் மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குருவி வெளியே போகும்வரை பிள்ளைகளை அசையாமல் உட்கார வைத்திருந்தால் போதும். அந்தச் சில நிமிடங்களே அவர்களுக்கு மறக்காது. எழும் கேள்விகளைப் பலகையின் ஓரத்தில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் சேர்த்துவிட்டு, பின்னங்களுக்குத் திரும்பியிருக்கலாம்.

குருவி வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வகுப்பில் எதிர்பாராமல் வருவது பெரும்பாலும் ஒரு கேள்வி, அதுவும் அசட்டுத்தனமாகத் தோன்றும் கேள்வி. இன்றைய டான்சானியாவில், 1963இல், எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவன் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்தான். குளிர்பெட்டியில் இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே உள்ளே வைத்தான். பார்த்தால் சூடாக்காமல் வைத்த இன்னொரு மாணவனின் பாலைவிட அதுதான் முதலில் உறைந்திருந்தது. ஆசிரியரிடம் கேட்டான், நீ குழம்பிவிட்டாய் என்றார். மேல்நிலைப் பள்ளிக்குப் போய் அங்கேயும் கேட்டான். அது எம்பெம்பாவின் இயற்பியல், உலகத்து இயற்பியல் இல்லை என்று பதில் வந்தது, வகுப்பே அதைச் சொல்லிக் கேலி செய்தது. அப்புறம் டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற பேராசிரியர் அந்தப் பள்ளிக்கு உரையாற்ற வந்தபோதும் விடாமல் கேட்டான். அவருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் செய்து பார்க்கிறேன் என்று சொன்னார், சொன்னபடி செய்யவும் வைத்தார். ஆய்வகத்தில் சோதனை செய்த உதவியாளர் சூடான நீர்தான் முதலில் உறைந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம் என்றாராம்! 1969இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விளைவு உண்மைதானா என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள், அது வேறு விஷயம். மறுத்த ஆசிரியர்களுக்கும் ஆஸ்பர்னுக்கும் அறிவில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. செய்து பார்க்க அவரிடம் நேரம் இருந்தது, ஆளும் இருந்தது.

ஆகவே உங்கள் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பாடவேளை வரை நிரம்பியிருக்கிறதா? அப்படியானால் எதிர்பாராதது எதுவாக இருந்தாலும் இடையூறாகத்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது எந்தப் பாடத்தின் பெயரும் எழுதாமல் விடுங்கள். ஒன்றும் நடக்காத வாரத்தில் அதில் போர்ஷனை முடித்துக்கொள்ளலாம்.

திட்டமிடாதவர்களின் ஆறுதலா என்று கேட்டிருந்தீர்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமாய்ஷியில் நிலநடுக்கம் வந்தபோது மின்சாரம் போய் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கிழக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மேல்மாடியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கி ஓடினார்கள். ஒத்திகையில் குறித்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பின்னால் மலைச்சரிவு இடிந்திருப்பதைக் கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அங்கும் நிற்காமல் மறுபடி ஏறினார்கள். ஆழிப்பேரலை இரண்டு பள்ளிகளையும் மூழ்கடித்தது. ஓடிய பிள்ளைகள் பிழைத்தார்கள். பல வருடங்களாக ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள், 'வரைபடத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதே' என்பதும் அந்த ஒத்திகையிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். திட்டத்தை மீறுவதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பிள்ளையின் வீட்டில் மரணம் நடந்தால் அதைப் 'பாடமாக்கும் வாய்ப்பு' என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளை எப்போது பேச விரும்புகிறதோ அப்போது கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

சரி, ஆசிரியைக்கு வருவோம். அன்றைய பாடக்குறிப்பில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 'பின்னங்களின் கூட்டல்' என்றுதான் எழுதியிருப்பார், எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். 'குருவி வந்தது, பாடம் பாதியில் நின்றது, வியாழக்கிழமை முடிக்கிறேன்' என்று எழுதினாலும் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை முடியுமா என்று அதற்கு அப்புறம் கேளுங்கள்.