வாசகர் கேள்வி – பதில்: கடலோரக் காற்றுக்கு எந்த லெட்?

மைக்ரோ டிப் பென்சிலுக்கு லெட் வாங்குவது பற்றி ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். லெட்டில் எச் என்றால் கடினம், கோடு வெளிறும்; பி என்றால் மென்மை, கோடு கறுக்கும்; எச்.பி இரண்டுக்கும் நடு. முன்னால் எண் கூடினால் அந்தக் குணமும் கூடும்.

டிராயிங் வகுப்புக்கு 2 எச் லெட் வாங்கச் சொன்னார்கள். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கோடு மங்கலாக விழுகிறது. அழுத்தினால் ஷீட்டில் பள்ளம். ரப்பர் போட்டும் பள்ளம் போவதில்லை. எச்.பிக்கு மாறலாமா?
— பாலிடெக்னிக் மாணவி, கீழக்கரை

குற்றம் லெட்டில் இல்லை, ஷீட்டில். தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னலோரம் கிடந்த தாளில் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஈரம் ஏறிய தாளின் நார் தளர்ந்து போகிறது. 2 எச் போன்ற கடின லெட் அதன்மேல் கரியை விடாமல் தாளைக் கீறுகிறது. கரி குறைவு, பள்ளம் அதிகம். கரியைத்தான் ரப்பர் எடுக்கும். நசுங்கிய நாரை நிமிர்த்தாது.

எல்லாக் கோட்டுக்கும் ஒரேயடியாக எச்.பிக்கு இறங்க வேண்டாம், ஒரு படி போதும். மழைக்காலத்தில் துணைக்கோடுகளுக்கு எச், இறுதிக்கோட்டுக்கும் எழுத்துக்கும் எச்.பி. காம்பஸில் மட்டும் கையிலிருக்கும் பென்சிலைவிட ஒரு படி மென்மையான லெட் போடுங்கள். காம்பஸைக் கைப்பென்சில்போல அழுத்த முடியாது; ஒரே லெட் போட்டால் வட்டம் வெளிறியும் நேர்கோடு கறுத்தும் தெரியும். பங்குனி, சித்திரையில் தாள் விறைப்பானதும் 2 எச்சுக்குத் திரும்பலாம்.

ஷீட்டைப் பாலித்தீன் உறையில் சுற்றிக் குழாயில் வையுங்கள். எச்.பி கையில் ஒட்டும் என்பதால் மேலிருந்து கீழாக வரைந்து வாருங்கள். வியர்க்கும் உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். ஒரு கம்பெனியின் எச்.பி இன்னொன்றின் பி அளவுக்குக் கறுப்பாக இருக்கும். ஆண்டு முழுக்க ஒரே கம்பெனி லெட்டில் நிற்பது நல்லது.

மகன் பத்தாம் வகுப்பு. 0.5 லெட் நொடிக்கொரு தரம் ஒடிகிறது. கடினமான லெட் வாங்கிக் கொடுத்தால் ஒடியாதா?
— ஒரு தகப்பனார், தொண்டி

கடைக்காரர்கள் பலரும் அப்படித்தான் சொல்லி எச் லெட்டைக் கொடுப்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான், எச் லெட் எச்.பியைவிடக் கொஞ்சம் உறுதி. ஆனால் வெளிறிய கோட்டைக் கறுப்பாக்கப் பையன் கூடுதலாக அழுத்துவான். அங்கேயே அந்த லாபம் போய்விடும்.

ஒடிவதைத் தீர்மானிப்பவை பருமனும் வெளியே நீட்டிய நீளமும். லெட்டின் தாங்குதிறன் விட்டத்தின் கன அளவில் ஏறும். 0.5 என்று எழுதியிருக்கும் லெட்டின் உண்மையான விட்டம் ஏறக்குறைய 0.56 மி.மீ., 0.7 லெட் ஏறக்குறைய 0.70 மி.மீ. கணக்குப் போட்டால் 0.7 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும், 0.9 நாலு மடங்கு. நீட்டிய நீளம் கூடக்கூட அடியில் விழும் வளைவு விசையும் அதே விகிதத்தில் கூடும். ஒரு தட்டுக்குச் சுமார் அரை மி.மீ. லெட் வரும். மூன்று தட்டுத் தட்டி எழுதினால், ஒரு தட்டுக்கு எழுதுவதைவிட மூன்று மடங்கு விசை. பென்சிலை ரொம்பச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதைதான்.

எனவே எழுத்துக்கும் கிராஃபுக்கும் 0.7 எச்.பி, வடிவியலுக்கு 0.5 எச்.பி. பொதுத்தேர்வு கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, கிராஃபுக்கு 8 என 16 மதிப்பெண் பென்சில் முனையில்தான் இருக்கிறது. வில் வெட்டும் புள்ளியைக் குறிக்க மெல்லிய கோடு தேவை. அதற்காகத்தான் 0.5, அதையும் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

தட்டும்போதே துண்டு துண்டாக வந்து விழுந்தால் அது எழுதும் பழக்கத்தால் அல்ல. பென்சில் கீழே விழுந்து லெட் உள்ளேயே நொறுங்கியிருக்கும். கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு: லெட் தேய்ந்து கடைசி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் பிடி அதைப் பற்றாது. எழுதும்போது சுழலும், உள்ளே போகும். பிள்ளைகள் இதை "ரிப்பேர்" என்பார்கள். அந்தத் துண்டை உருவிப் போட்டால் சரியாகிவிடும்.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை பார்க்க முக்குளிக்கும்போது நீருக்கடியில் குறிப்பெடுக்க வேண்டும். எந்த லெட்?
— கடல் உயிரியல் மாணவர், மண்டபம்

2 பி, அதுவும் தடிமனாக. 0.5 வேண்டவே வேண்டாம். கையுறை போட்ட கையில் முதல் வரியிலேயே ஒடியும். பென்சிலுக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங்கை உப்புநீர் சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். இருபுறமும் சீவிய குட்டை மரப்பென்சிலை நூல் கட்டித் தொங்கவிடுவதே எளிது. ஊறினால் சிலவற்றில் பசை விட்டு மரம் பிளக்கும் என்பதால் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். மைக்ரோ டிப் வகைதான் வேண்டுமென்றால் 1.3 அல்லது 2 மி.மீ. லெட் பிடிக்கும் பிளாஸ்டிக் உடல் கொண்டதை வாங்கி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நீருக்கடியில் எழுதத் தாளுக்குப் பதில் வைத்துக்கொள்ளும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை முதலில் 400 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் எந்த லெட்டும் பிடிக்காது. எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் பவுடரால் அழிக்கலாம்.

படகில் உட்கார்ந்து நோட்டில் எழுத 0.9 பி. ஈரத்தாளில் பால்பாயிண்ட் விட்டுவிட்டு எழுதும், ஜெல் மை பரவும். லெட்டில் இருக்கும் கரியான கிராஃபைட் நீரில் கரையாது, வெயிலிலும் மங்காது.

மீன்பிடித் தடைக்காலத்தில் வள்ளம் பழுது பார்க்கிறோம். பலகையில் குறி போடப் பேரன் வைத்திருக்கும் மைக்ரோ டிப் உதவுமா?
— தச்சர், பாம்பன்

உதவாது, ஐயா. மரத்தின் ரேகையில் சிக்கி முனை போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கைநிறைய வேலை இருக்கும்போது லெட் மாற்றிக்கொண்டு நிற்க முடியாது. உங்கள் தட்டைப் பென்சிலே இருக்கட்டும். இணைப்பு வெட்டும் இடத்துக்கு மட்டும் 2 மி.மீ. கிளட்ச் பென்சில் வாங்கிக்கொள்ளுங்கள்: காய்ந்து இழைத்த பலகைக்கு எச், ஈரம் இழுத்த பலகைக்கு எச்.பி. நீர் மினுங்கும் பலகையில் எதுவும் பிடிக்காது, துடைத்துக் காயவிட்டே குறி போடுங்கள்.

ஃபைபர் வள்ளமானால் மேல்பூச்சில் குறி வழுக்கும். எமரி தாளால் ஒரு தேய் தேய்த்துவிட்டுக் குறியுங்கள், அல்லது கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சில். ஒன்று மட்டும் கவனம்: அலுமினியப் பாகத்தில் பென்சில் கோடு போடாதீர்கள். கிராஃபைட்டும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, கோடு போட்ட இடத்திலேயே அலுமினியம் அரிக்கும்.

டி.என்.பி.எஸ்.சி. ஓ.எம்.ஆர். தாளுக்கு 2 பி லெட் நல்லதா?
— தேர்வர், ராமநாதபுரம்

பென்சிலே கூடாது. கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா மட்டும்.

ஒரே பென்சிலில் எச்சும் பியும் கலந்து போடலாமா? லெட் அடைத்துக்கொண்டால் எப்படி எடுப்பது?
— ஸ்டேஷனரி கடைக்காரர், ஏர்வாடி

கலந்தால் அடுத்து வருவது எது என்று தெரியாது. அதற்காகத்தான் வரைகிறவர்கள் இரண்டு பென்சில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு மூன்று லெட் போதும். டப்பா முழுவதையும் கொட்டினால் ஒன்றோடொன்று மோதி ஒடிந்து, துண்டுகள் வாயில் குறுக்கே நிற்கும்.

அடைத்துக்கொண்டால் பின்மூடியையும் ரப்பரையும் கழற்றிக் கவிழ்த்து, நல்ல லெட்டை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பிடி திறக்கும். அப்படியே முனைக்குழாய் வழியே மெல்லிய ஊசியை உள்ளே தள்ளினால் துண்டு பின்பக்கமாக விழும். சில பென்சில்களில் ரப்பரின் அடியிலேயே அந்த ஊசி செருகியிருக்கும். 0.5 பென்சிலுக்கு 0.7 லெட்டைத் திணித்து அடைந்திருந்தால், முன்கூம்பைத் திருகிக் கழற்றி முன்பக்கமாகவே இழுக்க வேண்டும். மணல் போயிருந்தால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரத்தில் மணல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எண்ணெய் விடவே கூடாது: விட்டால் பிடி வழுக்கி, லெட் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.