முட்டுக்கட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருடமாக இருக்கிறேன். போன வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனேன், எனக்குக் கீழே 60 பேர். பழைய பிளான்ட் ஹெட் எதற்கெடுத்தாலும் 'பிரமாதம்மா' என்பார். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். புதிதாக வந்தவர் நல்லது கெட்டது எதுவும் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட்டைப் போட்டுவிட்டு அவர் கட்டைவிரல் காட்டினாரா என்று பத்து தடவை எடுத்துப் பார்க்கிறேன். தூக்கம் போய்விட்டது. கலாமுக்கு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் மாதிரி ஒருவர் கிடைத்தார், எனக்கு அப்படி யாரும் இல்லை. யாரும் பாராட்டாமல் தன்னம்பிக்கை எப்படி வரும்? பெங்களூரில் லீடர்ஷிப் பயிற்சி நடத்துகிறார்கள், சேரலாமா? அல்லது அவரிடமே நேராகக் கேட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் புது மேலாளர் 11 இடத்தில் வருகிறார், பழையவர் ஏழு இடத்தில். மெஷின் ஒரு இடத்தில்கூட வரவில்லை. உங்கள் லைனில் என்ன செய்கிறீர்கள், ஒரு ஷிப்டுக்கு எத்தனை, ரிஜெக்‌ஷன் எவ்வளவு, எதுவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, ஆனால் 14 வருடம் அங்கே நின்றவர் எழுதிய கடிதம் மாதிரியே அது இல்லை.

பயிற்சி வகுப்புக்குக் காசு இருந்தால் போய்விட்டு வாருங்கள், மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

தவான் கதைக்கு வருகிறேன். 1979 ஆகஸ்ட் 10-ல் கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் தவான் போய் உட்கார்ந்தார், 1980 ஜூலை 18-ல் ஜெயித்தபோது கலாமைப் போய்ப் பேசச் சொன்னார். எல்லா மேடையிலும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுகிறார்கள். நடுவில் 11 மாதம் இருக்கிறதே, அதை யாரும் சொல்வதில்லை. முதல் தடவை ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி 'நிறுத்து' என்றது, அதை மீறிப் போகச் சொன்னது நான்தான் என்று கலாமே பின்னால் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். தவான் எவ்வளவு தோள் கொடுத்திருந்தாலும், அந்தக் கசிவு எங்கே என்று தெரியாமல் மறுபடி அதே நாற்காலியில் கலாமால் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்த காரணமே வேறு. போன மாதம் ஊருக்குத் தேர் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் பக்கம் தேர் என்றால் திருவாரூர் ஆழித்தேர்தான்: 96 அடி உயரம், 300 டன் என்பார்கள், பின்னால் புல்டோசர் வைத்துத் தள்ள வேண்டும், மூலை திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு கிரீஸ் தடவி வழுக்கித் திருப்புவார்கள். எங்கள் ஊர்த் தேர் அதற்கு முன்னால் குழந்தை. ஆனாலும் தேர் தேர்தான், அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடிக்கிறவர்களுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். இடமா வலமா, வேகமா மெதுவா, எல்லாம் சக்கரத்தடியில் போடுகிற முட்டுக்கட்டையில் இருக்கிறது. நாம் என்னடாவென்றால் யாராவது காரியத்தைக் கெடுத்தால் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். தேர் ஓட்டிப் பார்க்காதவன் உண்டாக்கிய வசவு அது.

எங்கள் ஊரில் கட்டை போட்டவர் என் தாய்மாமா. தச்சர். எனக்குப் பத்து வயதிருக்கும், தெற்கு வீதி முக்கில் தேர் திரும்புகிறது, ஊரே 'போடு போடு' என்று கத்துகிறது. அவர் போடவில்லை. குனிந்தபடியே சக்கரத்தோடு பின்னால் நடக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்னும் அரைச் சுற்று விட்டு, அப்புறம்தான் செருகினார். தேர் ஒரு முனகலோடு திரும்பியது. ராத்திரி சாப்பிடும்போது, "அத்தனை பேரும் கத்துனாங்களே மாமா, கேக்கலையா?" என்றேன். "அவங்க மேல சாமியப் பாத்துக் கத்துறாங்கடா" என்றார். குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.

இதோடு நிறுத்தினால் மாமாவை ஞானியாக்கிவிடலாம். அவர் ஞானி இல்லை. மறுநாள் டீக்கடையில் யாராவது பேச்சை எடுப்பார்களா என்று இரண்டாவது டீயும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். எடுக்காவிட்டால் தானே எடுப்பார். பாராட்டு வேண்டாம் என்பவரை நான் நம்புவதில்லை. இந்தப் பதிலைப் போட்டுவிட்டு எத்தனை பேர் படித்தார்கள் என்று நானும்தான் பார்ப்பேன்.

இன்னொரு வருடம் கட்டை வழுக்கிவிட்டது. சக்கரம் சாக்கடை ஓரத்தில் இறங்கி, இரண்டு நாள் தேர் நடுத்தெருவில் நின்றது. பெரியவர்கள் திட்டினார்கள், 'வயசாயிருச்சு, வேற ஆளப் பாரு' என்று காதுபடவே பேசினார்கள். அத்தைதான் அழுதாள். மாமா ராத்திரி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தேருக்கடியில் போனார். கூடவே நானும் போனேன். கட்டையின் அடியைத் தடவினார், ரோட்டைத் தடவினார். அந்த வருடம்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். மண்ணில் கடித்துக்கொண்டு நின்ற கட்டை தாரில் நிற்கவில்லை. அடுத்த வருடம் எல்லாக் கட்டைக்கும் அடியில் பழைய லாரி டயரை வெட்டி ஆணி அடித்துவிட்டார். 'இதென்ன செருப்பு' என்று சிரித்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், சிரிப்பு அவர் மேல் ஒட்டவேயில்லை. ஏன் ஒட்டும்? வழுக்கியது ஏன் என்று அவருக்குத் தெரியும், சிரித்தவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் லைனில் நின்ற காலத்தில் மெஷின் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தப்பாக வைத்தால் பீஸ் தப்பாக வந்தது, சரியாக வைத்தால் சரியாக வந்தது. யாருடைய 'பிரமாத'மும் தேவைப்பட்டிருக்காது, இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். மேனேஜர் ஆனதும் கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே பதில் சொல்ல மெஷின் இல்லை, கட்டைவிரல் ஒன்றுதான் இருக்கிறது. உங்களுக்குத் தன்னம்பிக்கை போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை, நீங்கள்தான் சக்கரத்தைவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள். பழைய ஹெட் நல்ல மனுஷர், ஆனால் அவர் சொன்ன 'பிரமாத'த்தில் எது பிரமாதம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? அது உங்களைக் கெடுத்திருக்கிறது என்பேன், நீங்கள் அடிக்க வருவீர்கள்.

60 பேரை நடத்துவது ஒரு மெஷினை ஓட்டுவது மாதிரி இல்லை, தெரியும். பதில் உடனே வராது, மூன்று மாதம் கழித்து வரும். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். இன்ன மாற்றம் செய்தேன், இன்னது நடக்கும் என்று நினைக்கிறேன் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள், பாதி தப்பாகத்தான் இருக்கும். ஏன் தப்பு என்று ஷாப் ஃப்ளோரில் இறங்கித் தடவிப் பாருங்கள். 20 வருடம் நின்ற ஆபரேட்டர் ஒருவர் இருப்பார், "மேடம், இது சரிப்படாது" என்பார், அவரிடம் நின்று கேளுங்கள். அந்தக் குரூப்பை மியூட் செய்துவிடுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள், மேலாளரிடம் நேராகக் கேட்கலாமா என்றீர்கள். தாராளமாகக் கேளுங்கள். 'நான் எப்படி சார் செய்கிறேன்' என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மெஷினில் ரிஜெக்‌ஷன் கூடியிருக்கிறது, நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டு, அதில் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம், எந்த மெஷின் என்று எழுதுங்கள்.