புதிய கிராபிக்ஸ் கார்டுகளும் பழைய கேபிள்களும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை கார்டின் பின்புறத்தில் இருக்கும் போர்ட்டுகளைப் பற்றியவை, அதாவது எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என மானிட்டரின் கேபிளைச் செருகும் இடங்களைப் பற்றியவை. கார்டின் மாடல், மானிட்டரின் மாடல், கேபிளின் வகையும் நீளமும் ஆகிய மூன்றையும் குறிப்பிடாமல் ‘படம் வரவில்லை’ என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் தர இயலவில்லை. அவர்கள் விவரங்களுடன் மீண்டும் எழுதட்டும்.

கேள்வி: எச்டிஎம்ஐ 2.2 வந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் போர்ட் உள்ள அடுத்த தலைமுறைக் கார்டுகள் வரும்வரை காத்திருக்கலாமா?

போர்ட்டுக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். எச்டிஎம்ஐ 2.2 விதிமுறை 2025 ஜூனில் வெளியானது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 96 ஜிகாபிட், அதாவது 2.1-இன் 48-ஐப் போல இரு மடங்கு. ஆனால் விதிமுறை வெளியாவதற்கும் அது கார்டில் வந்து அமர்வதற்கும் இடையே நீண்ட காலம் ஆகும். 2.1 விதிமுறை 2017 நவம்பரில் வெளியானது; என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் அது இடம்பெற்றது 2020 செப்டம்பரில்தான், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து. கார்டில் வந்த பிறகும் மானிட்டரும் கேபிளும் அதே வேகத்துக்கு ஏற்றவையாக இருந்தால்தான் பயன் உண்டு. உங்களிடம் இருப்பது 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (3840×2160 புள்ளிகள், நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும் படம்) என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முழு வேக 2.1 போர்ட்டே போதும். கார்டின் திறனுக்காகவோ நினைவகத்துக்காகவோ காத்திருப்பது வேறு விஷயம்.

கேள்வி: 1440பி (2560×1440) 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா?

டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டரில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0 என்றால் 144 ஹெர்ட்ஸிலேயே அது எல்லையைத் தொட்டுவிடும்.

கேள்வி: மானிட்டரின் பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று அச்சிட்டிருக்கிறது, கார்டிலும் 2.1 தான். ஆனாலும் 4கே-யில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வு செய்ய முடியவில்லை. கார்டில் குறை இருக்கிறதா?

கார்டில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த எண்ணில்தான் குறை இருக்கிறது. இதைப் பல முறை எழுதியிருக்கிறேன். இன்னும் எழுத வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது.

2.1 வெளியான பிறகு, எச்டிஎம்ஐ விதிமுறையை வகுக்கும் அமைப்பு, 2.0 என்பது இனித் தனியாக இல்லை, அது 2.1-இன் ஒரு பகுதி என்று முடிவு செய்தது. அதோடு, 2.1 கொண்டுவந்த புதிய வசதிகள் எல்லாவற்றையும் விருப்பத்துக்கு உரியவை என்றும் ஆக்கியது. இதன் விளைவு என்னவென்றால், 18 ஜிகாபிட்டுக்கு மேல் செல்லாத, நேற்றுவரை 2.0 என்று அழைக்கப்பட்ட அதே போர்ட்டை, ஒரு கம்பியைக்கூட மாற்றாமல் 2.1 என்று விற்கலாம். எந்தெந்த வசதிகள் உள்ளன என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது; ஆனால் பெட்டியின் முகப்பில் எண் மட்டும் பெரிதாக நிற்க, வேகம் கையேட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுகிறது. 2021-இன் இறுதியில் இந்த நடைமுறை பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து நானே ஒரு மானிட்டரை வாங்கி, மூன்று கேபிள்களை மாற்றி, டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவி, இரண்டு மாலைகளைச் செலவிட்ட பிறகுதான் அதன் கையேட்டின் அடிக்குறிப்பு ஒன்றில் 18 என்ற எண்ணைக் கண்டேன்.

டிஸ்ப்ளேபோர்ட்டின் நிலையும் இதைவிடச் சிறந்தது அல்ல. 2.1 என்ற ஒரே பெயருக்குள் 40, 54, 80 ஜிகாபிட் என மூன்று வேகங்கள் இருக்கின்றன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசையும் 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9070-உம் 54-இல் நிற்கின்றன. அதே ஆண்டில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 80 வரை செல்கிறது. விளம்பரத்தில் மூன்றுமே 2.1 தான். மறுபுறம், ஆர்டிஎக்ஸ் 4090-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.4ஏ மட்டுமே இருந்தது என்பதை வைத்து அதைப் பழையது என்று ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் டிஎஸ்சி எனப்படும், படத்தின் தரவைச் சுருக்கி அனுப்பும் முறையின் துணையோடு அதே கார்டு 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை இயக்குகிறது. எண்ணை மட்டும் வைத்து நடந்த அந்த விவாதத்தால் வாங்குபவர்களுக்குக் கிடைத்தது குழப்பம் ஒன்றுதான்.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு ஜிகாபிட்டைக் கேளுங்கள். கணக்கு எளியது. அகலத்தையும் உயரத்தையும் ஹெர்ட்ஸையும் ஒரு புள்ளிக்கான பிட்டுகளையும் பெருக்கி, அதோடு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 பிட் நிறத்தில் ஒரு புள்ளிக்கு 30 பிட். 4கே 120 ஹெர்ட்ஸுக்குப் பெருக்கினால் 30 ஜிகாபிட், சேர்ப்புடன் 33 என்று வைத்துக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ-யின் 48-இல் படத்துக்குக் கிடைப்பது சுமார் 42. அது தாராளமாகத் தாங்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் பயன்படுவது 26 தான் என்பதால் அங்கே சுருக்கம் தேவைப்படும். உங்கள் மானிட்டரின் முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, எச்டிஎம்ஐ-யின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 18 என்று இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறிவிடுங்கள். 40 அல்லது 48 என்று இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: டிஎஸ்சி சுருக்கத்தால் படத்தின் தரம் கெடும் என்று நண்பர் சொல்கிறார். அணைத்துவிடலாமா?

கெடுவது உண்மைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அல்ல. சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும்போதும் பார்வைக்கு வேறுபாடு தெரியக் கூடாது என்ற குறிக்கோளுடன் உருவாக்கப்பட்ட முறை அது. அன்றாடப் பயன்பாட்டில் நான் வேறுபாடு எதையும் கண்டதில்லை. உண்மையான சங்கடங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. விளையாட்டிலிருந்து வெளியேறித் திரும்பும்போது சில நொடிகள் திரை கருத்துப்போவது, என்விடியாவின் முந்தைய கார்டுகளில் கூடுதல் ரெசல்யூஷனில் வரைந்து சுருக்கிக் காட்டும் வசதி கிடைக்காமல் போவது ஆகியவை பலரும் எழுதும் குறைகள். இவை உங்களை உறுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: புதிய கார்டு போட்டும் விளையாட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஏமாந்துவிட்டேனா? (மாடல் தெரியாது.)

கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். கேபிள் மதர்போர்டின் போர்ட்டில் செருகப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கழற்றிக் கார்டில் செருகுங்கள். அப்போதும் மாற்றம் இல்லை என்றால் மாடலைப் பார்த்து எழுதுங்கள்; கார்டின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கேள்வி: லினக்ஸில் ஏஎம்டி கார்டை எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தால் 4கே 120 ஹெர்ட்ஸ் முழு நிறத்துடன் வரவில்லை. விண்டோஸில் வருகிறது. ஏன்?

இது உங்கள் வன்பொருளின் குறை அல்ல. ஏஎம்டியின் லினக்ஸ் டிரைவர் திறந்த மூலத்தில், அதாவது யாரும் படிக்கக்கூடிய நிரலாக எழுதப்படுவது, எச்டிஎம்ஐ 2.1 விதிமுறையோ உறுப்பினர்களுக்கு மட்டும் தரப்படுவது. திறந்த மூலத்தில் 2.1-ஐச் செயல்படுத்த ஏஎம்டி முன்வைத்த யோசனையை எச்டிஎம்ஐ அமைப்பு ஏற்கவில்லை என்ற செய்தி 2024 தொடக்கத்தில் வெளியானது. கார்டில் இருக்கும் திறனுக்குப் பணம் கொடுத்தவர் அதைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பது ஓர் ஆவணம் என்பது ஏற்கத்தக்கது அல்ல என்றே நான் கருதுகிறேன். டிஸ்ப்ளேபோர்ட்டை எதற்காக வலியுறுத்துகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். உங்கள் தொலைக்காட்சியில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்காது என்பதால், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் ஒன்றை முயன்று பாருங்கள். அதனுள் சிப் இருக்க வேண்டும். மாறும் புதுப்பிப்பு வீதம் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸ் மாறும் வசதி) எல்லா அடாப்டர்களிலும் வேலை செய்வதில்லை என்பதால் திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் உள்ளே ஒரு விளக்கு மங்கலாக எரிகிறது. சில நேரம் கணினி தொடங்கவும் மறுக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழற்றினால் சரியாகிறது.

கழற்றிப் பார்த்ததற்கு நன்றி. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். டிஸ்ப்ளேபோர்ட்டின் 20-ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கு உரியது. அடாப்டர் போன்ற கருவிகள் அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கணினியையும் மானிட்டரையும் நேரடியாக இணைக்கும் கேபிளில் அந்தப் பின் இணைக்கப்படக் கூடாது என்பது விதி. கவனமின்றித் தயாரிக்கப்பட்ட கேபிள்களில் அதையும் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் பாய்ந்து நீங்கள் எழுதியது போன்ற விளைவுகளைத் தருகிறது; கார்டுக்கும் நல்லதல்ல. அந்தக் கேபிளை இன்றே விலக்கிவிட்டு, டிஸ்ப்ளேபோர்ட் விதிமுறையை வகுக்கும் அமைப்பான வெசாவின் சான்றிதழ் பெற்ற ஒன்றை வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கார்டு வாங்குபவர்கள் கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: பழைய டிவிஐ மானிட்டர் ஒன்றும் விஜிஏ மானிட்டர் ஒன்றும் இருக்கின்றன. புதிய கார்டில் இணைக்கலாமா?

இரண்டையும் இணைக்கலாம், வழிதான் வேறு. டிவிஐ-க்கும் எச்டிஎம்ஐ-க்கும் சமிக்ஞை அடிப்படையில் ஒன்று என்பதால் 1920×1200 வரை எளிய அடாப்டரே போதும். 2560×1600 டூயல் லிங்க் (இரட்டைத் தட டிவிஐ) மானிட்டராக இருந்தால் ஆக்டிவ் அடாப்டர் தேவை. விஜிஏ அனலாக் என்பதால் எப்போதும் சிப் உள்ள மாற்றிதான் வேண்டும். என்விடியா 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலேயே அனலாக் வெளியீட்டைக் கைவிட்டுவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: டிவிஐ-எச்டிஎம்ஐ எளிய அடாப்டரைத் தவிர, பெரும்பாலான அடாப்டர்கள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். டிஸ்ப்ளேபோர்ட் கார்டை எச்டிஎம்ஐ மானிட்டரோடு இணைக்கும் அடாப்டரைத் திருப்பிப் போட்டால் படம் வராது.

கேள்வி: முந்தைய கார்டில் இருந்த யூஎஸ்பி-சி போர்ட் புதிய கார்டுகளில் ஏன் இல்லை?

ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் அது விஆர் ஹெட்செட்டுகளுக்கான விர்ச்சுவல்லிங்க் திட்டத்துக்காக 2018-இல் வைக்கப்பட்டது. ஹெட்செட் தயாரிப்பாளர்கள் அதைப் பின்பற்றவில்லை. 30 வரிசையில் போர்ட்டும் போய்விட்டது.

கேள்வி: புதிய கார்டுகளின் டிஸ்ப்ளே கனெக்டர் உருகிவிடுகிறது என்று படித்தேன். எச்டிஎம்ஐ மட்டும் பயன்படுத்தினால் பாதுகாப்பா?

நீங்கள் படித்தது டிஸ்ப்ளே கனெக்டரைப் பற்றியது அல்ல. உருகியதாகச் செய்திகள் வந்தது, கார்டுக்கு 600 வாட் வரை மின்சாரம் தரும் 16 பின் பவர் கனெக்டர். தயவுசெய்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பத்தில் தவறான கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். 2023-இல் அதன் வடிவம் திருத்தப்பட்டது: கேபிள் செருகப்பட்டதைக் கார்டுக்கு உணர்த்தும் உணர் பின்கள் குட்டையாக்கப்பட்டு, மின்சாரம் செல்லும் பின்கள் சற்று நீளமாக்கப்பட்டன. செருகல் அரைகுறையாக இருந்தால் கார்டு முழு மின்சாரத்தை இழுக்காமல் தடுப்பதே நோக்கம். ஆனாலும் பொறுப்பு உங்களுடையதும்தான். இடைவெளி தெரியாதபடி இறுதிவரை அழுத்துங்கள். கனெக்டரை ஒட்டியே கம்பியை வளைக்காதீர்கள். மின்வழங்கியோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கணினி அடுத்த அறையில் இருக்கிறது. 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 5 மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கிடைக்குமா?

80 ஜிகாபிட் வேகத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிள் ஒரு மீட்டர் அளவிலேயே நம்பகமானது. 2025 தொடக்கத்தில் வெசா அறிவித்த டிபி80எல்எல் என்ற ஆக்டிவ் கேபிள் வகை அதை 3 மீட்டர் வரை நீட்டிக்கிறது. 5 மீட்டருக்கு நான் பரிந்துரைப்பது ஒளியிழைக் கேபிள். முழு வேக எச்டிஎம்ஐ 2.1-க்குரிய ஒன்றை எடுத்து, டிஎஸ்சியுடன் 240 ஹெர்ட்ஸை இயக்கலாம். உங்கள் மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் 48 ஜிகாபிட்டா, டிஎஸ்சியை ஏற்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒளியிழைக் கேபிளின் ஒரு முனையில் மூலம் என்றும் மறுமுனையில் திரை என்றும் குறித்திருப்பார்கள்; சுவருக்குள் செலுத்துவதற்கு முன்பே இரு முனைகளையும் சரிபார்த்து, தரையில் விரித்த நிலையில் ஒரு மணி நேரமாவது இயக்கிப் பாருங்கள்.