பஸ் ரத்து என்றால் லீவு இல்லை, தங்கச்சி

தங்கச்சிமடம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பாம்பன். ராமேஸ்வரம் கோயிலுக்கு உங்கள் ஊரைத் தாண்டித்தான் போவோம். கனடாவில் இந்த ஸ்கார்பரோவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் பள்ளிக்கு அனுப்பினேன், அதனால் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில், ஆகஸ்டில் வந்தோம், பெரியவன் ஒன்றாம் வகுப்பு, பள்ளியிலிருந்து குளிர்காலச் செய்தி என்று மூன்று பக்கம் வந்திருக்கிறது, பஸ் ரத்து, ஸ்னோ பேன்ட், உள்ளே போட ஒரு ஷூ, தடுப்பூசி என்று என்னென்னமோ இருக்கிறது, பனி கொட்டினால் லீவு உண்டா, மைனஸ் பத்தில் நிஜமாகவே வெளியே விளையாட விடுவார்களா, எழுதிக் கொடுத்தால் உள்ளேயே வைத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியே விளையாட விடுவார்கள். எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் அந்த நேரம் மேற்பார்வை பார்க்கிற டீச்சர்கள் வெளியேதான் நிற்பார்கள், உங்கள் பையன் ஒருவனுக்காக உள்ளே உட்கார ஆள் கிடையாது. வெளியே வர முடியாத அளவு உடம்பு சரியில்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மைனஸ் பத்து இவர்களுக்குச் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. பார்க்க வேண்டியது வெறும் டிகிரியை இல்லை, வின்ட்சில் என்று பக்கத்தில் இன்னொரு எண் போடுவார்களே, காற்றடித்தால் உடம்புக்குத் தெரிகிற குளிர், அதைத்தான். இது நமக்குப் புரியாத விஷயமில்லை. மார்கழியில் வாடைக் காற்று அடிக்கும்போது பாம்பன் பாலத்தில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள்தானே, ஊருக்குள் வியர்க்கும், பாலத்தின் நடுவில் பல் கிட்டிக்கும். அதே கணக்குதான். வின்ட்சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா வானிலைத் துறையே சொல்கிறது. அந்த அளவை ஒட்டி வந்தால் பள்ளியே பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் வெளியேதான்.

அப்புறம் லீவு. நம் ஊரில் மழை பிடித்தால் விடியற்காலையிலேயே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கலெக்டர் ராமநாதபுரத்துக்கு லீவு விட்டாரா இல்லையா என்று கீழே ஓடுகிற வரியைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 'பஸ் ரத்து' வேறு, 'பள்ளி மூடல்' வேறு. காலை ஆறு மணி வாக்கில் பஸ் ரத்து என்று அறிவிப்பு வரும், ஆனால் பள்ளி பெரும்பாலும் திறந்துதான் இருக்கும், பிள்ளையை நீங்களே கொண்டுபோய் விடலாம். பள்ளியையே மூடுவது எப்போதோ ஒரு நாள். ரோடு மோசமாக இருக்கிறது, அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் சரிதான், யாரும் திட்டமாட்டார்கள், வரவில்லை என்று காலையிலேயே பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் பிள்ளை எங்கே என்று அவர்கள் உங்களுக்குப் போன் போடுவார்கள், எடுக்காவிட்டால் அவசரத்துக்கு நீங்கள் கொடுத்த மற்ற நம்பர்களுக்கும் போடுவார்கள்.

இதில் நான் வாங்கிய அடி ஒன்று. மகன் பள்ளிக்குப் போன முதல் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் பஸ் ரத்து. வீட்டுக்காரர் மகனைக் காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் பனி நின்று வெயில் பளீரென்று அடிக்கிறது. பாம்பன்காரி புத்தி, புயல் கூண்டை இறக்கிவிட்டால் படகு கடலுக்குப் போய்விடும்தானே, அதே மாதிரி சாயங்காலம் பஸ் வந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டு கைக்குழந்தையோடு ஸ்டாப்பில் போய் நின்றேன். இருபது நிமிஷம். ஒரு பஸ்ஸும் இல்லை, ஒரு அம்மாவும் இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். போன் வந்தது, உங்கள் மகன் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான், யார் வந்து கூட்டிப்போகிறீர்கள் என்று. போய்ப் பார்த்தால் அவன் ஜாக்கெட், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு முகம் சிவந்து, அழுது முடித்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான். காலையில் ரத்தான பஸ் சாயங்காலமும் ஓடாது. வெயில் அடித்தாலும் ஓடாது. எனக்கு வந்த பள்ளி மடலிலும் அந்த வரி இருந்தது, சின்ன எழுத்தில், நான்தான் படிக்கவில்லை.

இனி உடுப்பு. ஸ்னோ பேன்ட் அவசியமா என்று கேட்டீர்கள், அவசியம். ஜீன்ஸோடு பனியில் உட்கார்ந்து எழுந்தால் நனைந்துவிடும், நனைந்த துணியோடுதான் மூன்றரை மணி வரைக்கும் இருப்பான். புதுசாக வாங்க வேண்டியதில்லை, வேல்யூ வில்லேஜ் என்கிற பழைய துணிக் கடையில் நல்லதே கிடைக்கும், பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மேல் எதையும் போடுவதில்லை. ஆனால் இப்போதே போங்கள். ஜனவரியில் கடைக்குப் போனால் வசந்தகாலத்துச் சட்டையைத் தொங்கவிட்டிருப்பார்கள், நம் சைஸ் இருக்காது. கைக்கு விரல் விரலாகப் பிரிந்தது வேண்டாம், மிட்ஸ் வாங்குங்கள், தண்ணீர் புகாததாக, இரண்டு ஜோடி. ஒன்று நனையும், இன்னொன்று தொலையும். மப்ளர் வேண்டாம், விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும், தலைவழியே போடுகிற நெக் வார்மர்தான் நல்லது.

வாங்குவதைவிடப் பெரிய வேலை போடப் பழக்குவது. ஒரு டீச்சருக்கு இருபது இருபத்தைந்து பிள்ளைகள், எல்லாருக்கும் ஜிப் போட்டுவிட அவரால் முடியாது. வரிசை இதுதான்: முதலில் ஸ்னோ பேன்ட், அப்புறம் பூட்ஸ், அதற்கப்புறம் ஜாக்கெட், நெக் வார்மர், தொப்பி, கடைசியில்தான் மிட்ஸ். மிட்ஸை முதலில் மாட்டிக்கொண்டால் ஜிப்பைப் பிடிக்கக் கை இருக்காது, என் மகன் ஒரு வாரம் அப்படித்தான் நின்றான். ஜாக்கெட்டுக்கு ஒரு வித்தை உண்டு. அதைத் தரையில் மல்லாக்க விரித்து, தொப்பிப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கிற மாதிரி நிற்க வைத்து, குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் வீசச் சொல்லுங்கள். டக்கென்று போட்டுவிடுவான். நாங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் போட்டியே வைத்தோம், வீட்டுக்காரரும் சேர்ந்து.

எல்லாவற்றிலும் பேர் எழுதுங்கள் என்று மடலில் இருக்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கறுப்பு ஸ்னோ பேன்ட்தான், நிஜமாகவே எழுதுங்கள். டீச்சருக்காக இங்கிலீஷில் பேர், பக்கத்தில் நான் ஒரு ஃ போட்டுவிடுவேன். மகனுக்கு அப்போது எழுத்துக்கூட்டவே வராது, ஆனால் மூணு புள்ளியைக் கண்டால் தன்னுடையது என்று தெரியும். பத்தாம் வகுப்பு வந்தும் அவன் தண்ணீர் பாட்டிலில் அந்த மூணு புள்ளி இருக்கிறது.

உள்ளே போடும் ஷூ, அது வகுப்பிலேயே இருக்கட்டும், வெல்க்ரோ வைத்ததாக வாங்குங்கள். சாப்பாட்டுக்கு நல்ல தெர்மாஸ் ஒன்று. சூடாக்கித் தரமாட்டார்கள், அதனால் காலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டுச் சோறு போடுங்கள், மதியம் வரைக்கும் சூடு நிற்கும். கடலை மிட்டாய், கடலைச் சட்னி இரண்டும் வேண்டாம், நிலக்கடலை ஒவ்வாத வேறொரு பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். கருவாடு சனி ஞாயிறோடு இருக்கட்டும், இது பள்ளி விதி இல்லை, என் விதி.

தடுப்பூசிப் பத்தியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்குப் போட்ட ஊசி விவரத்தை இங்கே டாக்டரும் தானாக அனுப்பமாட்டார், பள்ளியும் அனுப்பாது, நகரத்தின் பொதுச் சுகாதாரத் துறைக்கு நாம்தான் பதிய வேண்டும். நம் மாகாணமான ஒன்டாரியோவின் சட்டப்படி விவரம் இல்லாவிட்டால் 20 பள்ளி நாள் வரைக்கும் பிள்ளையை நிறுத்திவைக்கலாம், நோட்டீஸ் முதலில் வரும், அப்புறம் ஆர்டர். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட அட்டையில் தட்டம்மை, ரூபெல்லா இருக்கும், பொன்னுக்குவீங்கி இருக்காது. சின்னம்மை ஊசியும் மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் இருக்காது. இங்கே இந்த மூன்றையும் கேட்பார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு இந்த மாதமே டாக்டரைப் பாருங்கள், ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தால் அம்மாவிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டிசம்பரில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும், முதல் வருஷம் அது குளிரைவிட ஆளைப் படுத்தும். பிள்ளை வந்ததும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே கால் மணி நேரம் பனியில் புரளவிடுங்கள். காரில் ஏற்றும்போது மட்டும் அந்தப் பெரிய ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் உடம்போடு ஒட்டாது, ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு லீவு கிடையாது. ஆனால் ஜனவரி இங்கே தமிழ் மரபு மாதம், ஒன்டாரியோ 2014-லேயே சட்டம் போட்டுவிட்டது, கனடா நாடாளுமன்றம் 2016-ல் ஏற்றுக்கொண்டது. பள்ளியில் கோலம் போட, பொங்கலைப் பற்றிச் சொல்ல பெற்றோர் யாராவது வருகிறீர்களா என்று கேட்டால் இங்கிலீஷ் வராது என்று ஒதுங்காமல் போங்கள். உங்கள் சின்னவளுக்கு அடுத்த வருஷம் நாலு வயதாகிறது என்றால் ஜேகே, அதாவது ஜூனியர் கிண்டர்கார்டன் சேர்க்கையும் ஜனவரி வாக்கில்தான் தொடங்கும், மடலின் மூன்றாம் பக்கத்தில் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

மகளுடைய பழைய ஸ்னோ பேன்ட் ஒன்று பெட்டியில் கிடக்கிறது, ஊதா, ஆறு வயது சைஸ். பையன் ஊதா போடுவானென்றால் சொல்லுங்கள், ஃ ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.