மலையில் ஒருவர், வீட்டில் மற்றவர்: கேள்வி பதில்

துணையை உயர்மலைக்கு அனுப்பிவிட்டுக் கொழும்பில் காத்திருப்பவர்களுக்காக இன்றைய கேள்வி பதில். எங்கள் மலையேறும் குழு வெளிநாடு போகும்போதெல்லாம் வீட்டாரோடு தொடர்பில் இருப்பது நான்தான். தொழில் தாதி. எந்தச் சப்பாத்து, எந்தப் பை என்ற கேள்விகளை இன்று தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தை: இவர் கிளிமஞ்சாரோவில நிக்கிறார். நேற்றுச் சாமத்தில உச்சிக்கு வெளிக்கிடுறதாச் சொன்னவர். இப்ப பகல் பன்னிரண்டாகுது, போன் வரேல்ல. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்குதுகள்.

தங்கச்சி, முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். தான்சானியா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அவருடைய நள்ளிரவு உங்களுக்கு அதிகாலை 2.30. பராஃபு முகாமிலிருந்து 5,895 மீற்றர் உச்சிக்கு ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும், மெல்ல நடப்பவருக்கு அதற்கும் மேல். ஆக எங்கள் நேரப்படி ஒன்பது, பத்துக்குத்தான் மேலே நின்றிருப்பார். பிறகு முகாமுக்கு இறங்கி, கொஞ்சம் படுத்தெழும்பி, இன்றைக்கே இன்னும் கீழே ம்வேக்கா முகாம் வரை நடக்கவேண்டும். குளிரில் போன் பற்றரியும் இறங்கியிருக்கும். இரவு வரைக்கும் போன் வராததை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். அதற்குப் பிறகும் தகவல் இல்லையென்றால், அவரைக் கூட்டிப்போன நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எடுத்துக் கேளுங்கள். அவர் எடுக்கும்போது "உச்சிக்குப் போயிட்டீங்களா" என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டாரா, தலையிடி இருக்கா, நித்திரை வந்ததா, இவற்றைக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை: என் மனைவி ஒவ்வொரு வருசமும் சிவனொளிபாதமலை ஏறுறாங்க. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு அந்தப் பழக்கம் போதும்தானே?

காலுக்குப் போதும், மூச்சுக்குப் போதாது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலை கூட 2,524தான். உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் மலைநோய் வழக்கமாகத் தலைகாட்டுவதே 2,500க்கு மேலேதான், அதனால் இவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இலங்கைக்குள் சோதித்துப் பார்க்க வழியில்லை. அடிவார முகாம் 5,364 மீற்றர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான். நல்ல உடல் தெம்புள்ள இளவயதினரையும் இது படுக்கப்போட்டிருக்கிறது.

பயண நிரலை வாங்கிப் பாருங்கள். 3,000க்கு மேல் ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் இடையே படுக்கும் உயரம் 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் வேண்டும். வழியிலுள்ள நாம்சே ஊரில் ஒரே ஒரு இரவு என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தெஹிவளை: மலைநோய் வராமலிருக்க டயமொக்ஸ் குளிசை கொடுத்து அனுப்பலாமா?

வைத்தியரிடம் கேட்டுத்தான். சல்பா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கல்கிசை: ரெண்டு நாளா என் மனுசன்ட போன் இல்ல. பயமா இருக்கு.

வெள்ளவத்தைத் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். அலுவலகத்துக்கு எடுங்கள்.

பம்பலப்பிட்டி: இவர் நேபாளத்தில, ஐலண்ட் பீக் ஏறப் போனவர். இன்னும் நாலு நாளில உச்சி. நேற்று மாமாவை நெஞ்சு நோவோட ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ஐசியூவில. சொல்லுறதா, மறைக்கிறதா?

அக்கா, அவர் இப்போது எந்த ஊரில் நிற்கிறார்? அது தெரிந்தால்தான் சரியாகச் சொல்லலாம்.

மட்டக்குளி: இதில என்ன யோசனை? மறைக்கத்தான் வேணும். மனசு குழம்பி ஏறினா கால் இடறும். கீழ வந்ததும் சொல்லலாம்.

வத்தளை: அப்படி மறைச்சதால எங்க அண்ணா அப்பாவுக்குக் கொள்ளி வைக்கல. இன்னும் வீட்டாரோட சரியாக் கதைக்கிறதில்ல.

மட்டக்குளி அண்ணா, நீங்கள் சொல்வது ஒரே ஒரு இரவுக்குத்தான் பொருந்தும்: அவர் உயர்முகாமில், இன்னும் சில மணித்தியாலத்தில் ஏறப்போகும் இரவு. அன்று சொன்னாலும் இருட்டில் இறங்கி ஓடிவர முடியாது. அப்போது வழிகாட்டியிடம் மட்டும் சொல்லி, அவர் பத்திரமாக இறங்கியதும் சொல்லலாம். மற்ற நாட்களில் அவருக்காக நாம் முடிவெடுக்க எங்களுக்கு என்ன உரிமை? மலையா அப்பாவா என்பதை அந்த மகன்தான் தீர்மானிக்கவேண்டும். மலர்ச்சாலையில் உடலை ஓரிரு நாள் வைத்திருக்கலாம், அதற்குள் அவர் வந்துசேர வழி இருந்ததா என்பதே தெரியாமல் போவதுதான் வத்தளையில் நடந்திருக்கிறது.

மட்டக்குளி: அங்கயிருந்து விழுந்தா யார் பொறுப்பு? நீங்களா?

அண்ணா, மறைப்பதாலும் விழலாம். மனைவியின் குரல் மாறியதைக் கேட்டும் காரணம் தெரியாமல் இரவெல்லாம் புரள்பவர் அதிகாலையில் எப்படி ஏறுவார்? புறப்படுமுன் இருவரும் உட்கார்ந்து, "வீட்டில் ஏதும் நடந்தால் சொல்லட்டா" என்று கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன், அபசகுனம் என்று தட்டிக்கழித்துவிடுகிறார்கள்.

திரும்பி வருவதிலும் அவமானமில்லை. எங்கள் நாட்டு மலையேறி யொஹான் பீரிஸ் 2016இல் எவரெஸ்ட்டில் ஏறத்தாழ 8,400 மீற்றரில் திரும்பினார். அதே பயணத்தில் ஜயந்தி குரு-உதும்பால உச்சிக்குப் போனார், இலங்கையிலிருந்து முதலாமவர். பீரிஸ் 2018இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார்.

வெள்ளவத்தை, வேறொருவர்: நேற்று இவர் போனில ஒரே விசயத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டார். நாக்கும் குழறினமாதிரி. களைப்பா இருக்குமோ?

இதற்காக மற்றக் கேள்விகளை நிறுத்துகிறேன். களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். குழப்பம், குழறல், நடை தள்ளாடுதல், இவை மூளை வீக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான், விடியும்வரை காத்திராமல். "படுத்தெழும்பினால் சரியாகும்" என்று வீட்டிலிருந்து சொல்லவே சொல்லாதீர்கள். இப்போதே வழிகாட்டிக்கு எடுங்கள். ஹெலிகொப்டர் தேவைப்பட்டால் காப்புறுதிக்காரரின் 24 மணிநேர இலக்கம் உங்கள் கையில் இருக்கவேண்டும். எத்தனை மீற்றர் வரை காப்புறுதி என்பதையும் பாருங்கள், அநேகமானவற்றில் எல்லை உண்டு. பேசிவிட்டு இங்கே எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி: இப்ப கேட்டுப் பார்த்தன். டிங்போச்சேயில நிக்கிறாராம். நாளைக்கு ஓய்வாம்.

அப்படியென்றால் இன்றைக்கே சொல்லுங்கள், அக்கா. 4,410 மீற்றர், வைஃபை உண்டு, நாளை ஓய்வுநாள். அங்கிருந்து நாம்சேக்கு ஒரு நீண்ட நாள் நடை, அடுத்த நாள் லுக்லா. அதன்பின் வானிலை விட்டால் காத்மண்டுவுக்கு விமானம். முதலில் வழிகாட்டிக்கு எடுத்து, கதைக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். வைத்தியர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஏறுவதா இறங்குவதா என்று அவரே சொல்லட்டும். எதைச் சொன்னாலும் "சரி" என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் ஓடுங்கள்.