ஏறியது விலையா, செலவா? எல்லையோர வாசகர்களின் மளிகைக் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மளிகைக்கென்று வீட்டுக்காரர் மாதம் 9,000 ரூபாய் தருகிறார். இரண்டு வருடமாக அதே தொகைதான். பத்தவில்லை என்று சொன்னால், "விலைவாசி குறைஞ்சிருச்சுன்னு டிவியில சொல்றான், உனக்கு மட்டும் எப்படி ஏறுது?" என்கிறார். மாமியாரோ, "எங்க காலத்துல இத்தனை பாக்கெட்டு வாங்கினதே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?
(குடும்பத் தலைவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: உங்கள் வீட்டுக்காரர் டிவியில் கேட்டது பொய்யில்லை. அதை அவர் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. விலையேற்றம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 100 ரூபாய்ப் பொருள் ஒரு வருடத்தில் 110 ஆகி, அடுத்த வருடம் 112 ஆனால், விலையேற்றம் 10 சதவீதத்திலிருந்து 2-க்கும் கீழே இறங்கிவிட்டது என்று செய்தி வரும். கடையில் நீங்கள் எண்ணி வைப்பது 112 ரூபாய்.

அதோடு, அந்தச் செய்தி நாடு முழுவதற்குமான சராசரி. 2025 ஜூலையில் இந்தியாவின் சில்லறை விலையேற்றம் 1.55 சதவீதம். அதே மாதம் கேரளத்தில் 8.89 சதவீதம். மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். அந்த எண்ணை ஏற்றிவிட்டதில் தங்கத்துக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெரிய பங்கு உண்டு. தங்கம் வாங்குவதைத் தள்ளிப் போடலாம், எண்ணெயைத் தள்ளிப் போட முடியுமா?

அந்த ஜூலை, ஆகஸ்டில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. ஒரு வருடம் முன்பு கிட்டத்தட்ட அதில் பாதி விலைதான். பாளை விட்டதிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதனால் 2024 கோடையின் வெயில் 2025-இல்தான் காய்ப்பில் தெரிந்தது. பொள்ளாச்சி பக்கம் வாடல் நோயும் வெள்ளை ஈயும் சேர்ந்துகொண்டன. இளநீராகவே வெட்டி வெளிமாநிலத்துக்கு அனுப்பிவிடுவதால் கொப்பரைக்கு நிற்கும் காயும் குறைவு. சரி, சூரியகாந்திக்கோ பாமாயிலுக்கோ மாறலாம் என்றால், 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதிக்கான மொத்த வரி 5.5-லிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 மே கடைசியில்தான் 16.5 ஆக இறங்கியது. இதில் எதையும் நீங்கள் அடுப்படியில் நின்று தடுத்திருக்க முடியாது.

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சாம்பார் பொடி, இட்லி மாவு, இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் பாக்கெட்டாக வாங்கினால் பொருளின் விலையோடு அரைத்த கூலியும் அடைத்த கூலியும் சேரும். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைப்பது இன்றைக்கும் மலிவு. ஆனால் அந்த வேலையை யார் செய்வது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். நீங்கள் வேலைக்குப் போய் வருகிறவர் என்றால் அந்த நேரமும் காசுதான். மாமியாருக்கு உடம்பு ஒத்துழைத்தால், "அத்தை, பொடி மட்டும் நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொல்கிறவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் பல வீடுகளில் பேச்சு மாறுகிறது.

மொத்த பில்லைக் காட்டி வாதாடாதீர்கள். பில் ஏறியதற்கு விலை காரணமா, வாங்கிய அளவு காரணமா என்று அதில் தெரியாது. அரிசி, துவரை, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, பால், தேயிலை என்று எப்போதும் வாங்கும் ஏழெட்டுப் பொருளுக்கு மட்டும் ஒரு நோட்டுப் போடுங்கள். கிலோ அல்லது லிட்டர் என்ன விலை, எத்தனை வாங்கினோம், இந்த இரண்டு மட்டும் போதும். மூன்று மாதத்துக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் வையுங்கள். அளவு மாறாமல் விலை மட்டும் ஏறியிருந்தால் 9,000 ஏறித்தான் ஆக வேண்டும். அளவு கூடியிருந்தால் அதைத் தனியாகப் பேசலாம். ஒரு மாதம் அவரையே சீட்டோடு கடைக்கு அனுப்புவதும் நல்லது.

கேரள அரசின் சப்ளைகோ நிறுவனம் நடத்தும் மாவேலி ஸ்டோரையும் விட்டுவிடாதீர்கள். அரிசி, பயறு வகைகள், மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் என்று 13 பொருள் அங்கே ரேஷன் கார்டுக்கு மானிய விலையில் உண்டு. முன்பு விலையை நிலையாக வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்று மாற்றினார்கள். சந்தை ஏறினால் அதுவும் ஏறும், ஆனாலும் வெளிக்கடையைவிடக் குறைவுதான். எல்லாப் பொருளும் எப்போதும் இருக்காது. சரக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், "முட்டையும் பாலும் பிள்ளைகளுக்கும் அவருக்கும் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. 9,000-க்குள் அடக்குவதற்காக நீங்கள் வாயைக் கட்டினால், பணம் போதும் என்றே அந்த வீடு நினைத்துக்கொண்டிருக்கும். உங்கள் பங்கு முட்டையையும் நோட்டில் எழுதுங்கள். வாங்கவும் செய்யுங்கள்.

கேள்வி: வேலந்தாவளத்தில் இருக்கிறேன். கோவை பக்கமிருந்து வரும் அரிசி மூட்டை முன்பு 25 கிலோ, இப்போது 26 கிலோ. ஏன்?

பதில்: வரிதான் காரணம். 2022 ஜூலை 18 முதல், லேபிள் அச்சிட்டுப் பையில் அடைத்த அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் கிடையாது. அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிப் போட்டார்கள். மூட்டை விலையை 26-ஆல் வகுத்துப் பாருங்கள். சில கடையில் 25 கிலோவுக்கான பழைய கணக்கிலேயே பேசிக் குழப்புவார்கள். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் அரிசிக்கும் இந்த வரி இல்லை.

கேள்வி: நான் வாளையார்க்காரன். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் எம்ஆர்பி-க்கு மேல் வாங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, "கேரளாவிலிருந்து வந்து கேஸ் போடுவீங்களா?" என்று சிரித்தார்கள். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே உங்கள் புகாரைக் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லும், விலை அச்சிட்ட உறையும் பத்திரம்.

சின்னத் தொகை என்றால் முதலில் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம். கடைமீது நடவடிக்கை வேண்டுமென்றால் அது கடை இருக்கும் மாநிலத்தின் வேலை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, கேரளத்தில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. இது தெரியாமல் பலர் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே பொருள் கிடைக்குமா?

பதில்: முன்னுரிமைக் கார்டோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா கார்டோ என்றால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசு தரும் தானியத்தை இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம். மற்ற கார்டுகளுக்கு முடியாது. தமிழ்நாடு தரும் 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் எல்லை தாண்டி வராது. அவற்றை ஊரில் இருப்பவர் யாராவதுதான் வாங்க வேண்டும்.

கேள்வி: நாற்பது வருடமாக ஒரே கடையில் பற்று வைத்து வாங்குகிறேன். மகன் போனில் ஆர்டர் போடுகிறான். "ரெண்டு ரூபாய்க்காக வெயில்ல போகணுமாப்பா?" என்கிறான். கணக்கில் எது லாபம்?

பதில்: ஒரே பதில் கிடையாது ஐயா. போனில் சில நாள் விலை குறைவுதான். ஆனால் டெலிவரி, கையாளும் கட்டணம் என்று கடைசியில் சேர்வதையும், இலவச டெலிவரிக்காகக் கூடுதலாகப் போடும் பொருளையும் மகன் கணக்கில் எடுக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. பற்றுக் கடையில் விலை கேட்டு வாங்குகிறீர்களா, மாதக் கடைசியில் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறீர்களா? கூலி வராத வாரத்திலும் அரிசி கொடுக்கிற கடைக்காரரின் உதவி பெரியது. அதற்காகக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இரண்டு பேருமே பாக்கெட்டில் கிராம் அல்லது கிலோ விலையைப் படியுங்கள். அதை அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. விலை ஏறாதது போல இருந்து எடை இறங்கியிருக்கும். எண்ணெயில் ஒரு லிட்டர் போலத் தெரியும் பாக்கெட்டில் 850 மில்லி இருக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான், அதனால் செக்கில் வாங்கும் ஒரு கிலோவையும் பாக்கெட் லிட்டரையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

கேள்வி: ஊருக்குள் வண்டியில் தேங்காய் எண்ணெய் பாதி விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கிலோ கொப்பரையை ஆட்டினால் 600 முதல் 650 கிராம் எண்ணெய்தான் வரும். அப்படியென்றால் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். பிண்ணாக்கு விற்ற காசு ஆட்டுக் கூலிக்கே சரியாகப் போகும். அன்றைக்குக் காங்கேயத்தில் கொப்பரை என்ன விலை என்று கேளுங்கள். ஒரு கிலோ எண்ணெயை அதன் ஒன்றரை மடங்கைவிடக் குறைத்து விற்றால் வேறு மலிவு எண்ணெய் கலந்திருக்கிறது என்றே வையுங்கள். லேபிளில் தயாரித்தவர் முகவரியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாவிட்டால், வண்டி எண்ணைக் குறித்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.