தூண்டில் கேள்வி பதில்: ரப்பர் புழு ஏன் முதல் கடியிலேயே கிழிகிறது?

கேள்வி: நான் காட்பாடி. விரால் பிடிக்க ரப்பர் புழுவும் தவளையும் வீட்டிலேயே பிளாஸ்டிசாலில் வார்க்கிறேன். ஒரு மீன் கடித்ததுமே தலைப்பக்கம் கிழிந்துவிடுகிறது. கெட்டியாக இருந்தால் உழைக்கும் என்று ஹார்டனர் சேர்த்துப் பார்த்தேன், முன்பைவிடச் சீக்கிரம் கிழிகிறது. எந்தப் பிளாஸ்டிக் வாங்கினால் நீடிக்கும்?

பதில்: ஹவாய் செருப்பு எங்கே அறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வார் நடுவில் அறுவது அபூர்வம், அடிப்பக்கம் ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில்தான் விட்டுப்போகும். உங்கள் புழுவிலும் அதே கதைதான், தூண்டில் முள் குத்திய ஓட்டையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கிறது. கெட்டியான பொருளில் அந்தக் கிழிசல் நிற்காமல் ஓடும், நன்றாக இழுபடுகிற பொருளில் ஓட்டை வாய் விரிந்து கொடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அதனால் ஹார்டனரை விடுங்கள், நமக்கு வேண்டியது இழுவை.

ஆனால் நீங்கள் வாங்கிய பிளாஸ்டிசால் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கிழிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டது மாதிரி மாவு மாவாக, மங்கலாக இருந்தால் பொருளில் குறை இல்லை, அது வேகவில்லை. பிளாஸ்டிசால் என்பது பிவிசி மாவை எண்ணெய் மாதிரியான ஒரு இளக்கியில் கலந்து வைத்த பால். சூடு ஏற ஏற முதலில் கூழாகும், அப்புறம் கேழ்வரகுக் களி மாதிரி இறுகிக் கரண்டியில் ஒட்டும், பலர் அங்கேயே பயந்து இறக்கிவிடுகிறார்கள். இன்னும் கிண்டிக்கொண்டே சூடு ஏற்றினால் 170 முதல் 180 டிகிரி செல்சியஸுக்குள் அது மறுபடி இளகி, தேன் மாதிரித் தெளிந்து ஓடும். மாவும் இளக்கியும் ஒன்றாகச் சேர்வது அந்தச் சூட்டில்தான். அதற்குக் கீழே இறக்கியது பார்க்க ரப்பர் மாதிரி இருக்கும், இழுத்தால் பிட்டுக்கொண்டு வரும். கண்ணால் சூடு தெரியாது, தூரத்திலிருந்து அளக்கிற துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

சூடு சரியாக இருந்தும் கிழிகிறது என்றால் அடுத்த சந்தேகம் உப்பு. எடைக்காகவும் ருசிக்காகவும் நிறைய பேர் உப்புத்தூள் போடுகிறார்கள், ஒவ்வொரு பரலும் உள்ளே ஒரு சின்ன ஓட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு வேண்டாம், எடை வேண்டுமென்றால் முள்ளின் கழுத்தில் ஈயம் சுற்றலாம். மினுக்குத்தூளும் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது.

பிளாஸ்டிசால் ரகத்தைப் பொறுத்தவரை விராலுக்கு நடுத்தரக் கெட்டி போதும், உடலுக்கு நடுத்தரம், வாலுக்கு மென்மையான ரகம் என்று இரண்டையும் சூடு ஆறுவதற்குள் அடுத்தடுத்து ஊற்றினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். தலையில் முள்ளை நேராகக் குத்தாமல், சுருள் கம்பி வைத்த முள்ளாக வாங்கி மூக்கில் திருகி ஏற்றுங்கள். இழுப்பு ஒரே ஓட்டையில் விழாமல் சுருள் முழுக்கப் பரவும். புதுப் பொருள் வாங்கினால் முதலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வார்த்து, ஒரு நாள் விட்டு, பிளேடால் ஓரத்தில் லேசாகக் கீறிவிட்டு இழுங்கள். கீறல் அப்படியே நின்று துண்டு நீண்டால் வாங்கலாம், கீறல் ஓடினால் வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் இருக்கிறேன். கல்லூரிக்குப் போகிற என் மகன் மீன் பிடிக்கும் புழு செய்கிறேன் என்று சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக் உருக்குகிறான். பழைய தண்ணீர் பைப், குழந்தை பொம்மை எல்லாம் வெட்டிப் போடுகிறான். வீடு முழுக்க நெடி. இது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான் அம்மா, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மீன் பிடிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அடுப்படியை மாற்றச் சொல்லுங்கள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு மீறினால் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வெளியேறும். கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். பழைய பைப்பிலும் பொம்மையிலும் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பிவிசியில் ஈய உப்பு சேர்ப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதோடு பைப்பு பிவிசி இளக்கி இல்லாதது, அதை எத்தனை நேரம் உருக்கினாலும் புழுவாகாது, கருகத்தான் செய்யும்.

தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். லூர் (மீனை ஏய்க்கிற செயற்கை இரை) வார்ப்பதற்கென்றே விற்கிற, தாலேட் என்ற இளக்கி வகை இல்லாத பிளாஸ்டிசால் வாங்கட்டும். வேலை மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து. மின்சார ஸ்டவ், அதற்கென்று ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, அவை திரும்பவும் சமையலறைக்கு வரக் கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை. அச்சில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் 170 டிகிரி திரவம் பட்டதும் தண்ணீர் ஆவியாகித் தெறிக்கும். என் இடது மணிக்கட்டில் ஐந்து பைசா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, மழைக்காலத்தில் சரியாகக் காயாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அவசரப்பட்டு ஊற்றியதில் வந்தது. தெறித்தது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும், தட்டிவிட முடியாது. பிளாஸ்டர் அச்சை வேலூர் வெயிலில் நாலைந்து நாள் போட்டுக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு பூச்சு பூசி, அந்தப் பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. சோல் போடுகிற டிபிஆர் கழிவு நிறையக் கிடைக்கிறது, நன்றாக வளையும், கிழியவே கிழியாது. அதை உருக்கி லூர் செய்யலாமா?

பதில்: நல்ல யோசனை. ஆனால் பாதி தூரம்தான் போகும். டிபிஆரும், கடையில் விற்கிற, ஒரு முழம் இழுத்தாலும் அறாத அந்த விலை அதிகமான லூர்களும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் டிபிஇ என்பார்கள், சூட்டில் உருகுகிற ரப்பர். உழைப்பில் பிளாஸ்டிசால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதோடு தண்ணீரில் மிதக்கும் ரகங்களும் உண்டு, பாசிக்கு மேலே ஓட்டுகிற தவளைக்கு அது பெரிய வசதி. சிக்கல் என்னவென்றால் சோல் ரகம் நடப்பதற்காகச் செய்தது, அதில் வால் ஆடாது. உருகினாலும் தண்ணீராக ஓடாது, சூயிங்கம் மாதிரிக் கெட்டியாக நிற்கும், அதனால்தான் கம்பெனியில் மெஷின் வைத்து அழுத்திச் செலுத்துகிறார்கள். வீட்டில் அச்சில் ஊற்ற முடியாது.

எஸ்இபிஎஸ் என்ற ரப்பர் தூளை நிறமில்லாத மினரல் ஆயிலில் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்கினால் ஊற்றுகிற பதத்துக்கு வரும், ஜெல் மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்குப் பழகிய வேலை இது. எண்ணெய் கூடினால் மென்மை, குறைந்தால் உழைப்பு, உங்கள் கைக்கு எது சரி என்று சின்னச் சின்ன அளவில் போட்டுப் பாருங்கள். சூடான எண்ணெய் என்பதால் நெருப்பு அடுப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் சோல் கழிவை வீணாக்க வேண்டாம், மெல்லிய நாடாவாக வெட்டி முள்ளுக்குப் பின்னால் வாலாகக் கட்டுங்கள், பழைய சைக்கிள் டியூப்பை அப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: வாலாஜாவிலிருந்து எழுதுகிறேன். சிலிகான் எப்படி? உருக்க வேண்டியதில்லையே.

பதில்: புகையில்லை, இரண்டு திரவத்தைக் கலந்தால் தானே இறுகும், வெயிலில் உருக்குலையாது. அதனால் மாடி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு நான் சிலிகானைத்தான் சொல்வேன். குறை, கீறல் விழுந்தால் பல ரகங்களில் சட்டென்று ஓடிவிடும். ஊற்றும்போது நடுவில் கொசுவலைத் துண்டு ஒன்றைப் புதைத்துவிட்டால் முள் அந்த வலையில் மாட்டி நிற்கும், எனக்கு இதில் ஒரே தவளை ஒரு பருவம் முழுக்க வந்திருக்கிறது. பிளாட்டினம் வகை (பிளாட்டினத்தின் உதவியால் இறுகுகிற சிலிகான்) வாங்குங்கள், ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணில் உருவம் செய்தாலோ, லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தாலோ அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கிழிந்தால் ஃபெவிக்விக் பிடிக்காது, சிலிகானைச் சிலிகானால்தான் ஒட்ட வேண்டும்.

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போக பைக் பெட்டியில் எல்லா லூரையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மே மாதம் திறந்து பார்த்தால் எல்லாம் ஒட்டி ஒரே உருண்டை, டப்பாவும் இளகியிருக்கிறது. மட்டமான பொருளா?

பதில்: இல்லை, பிவிசி லூரும் டிபிஇ லூரும் கலந்து கிடந்திருக்கும், தனித்தனியாக இருந்தால் இரண்டுமே நன்றாக இருந்திருக்கும். பிவிசியில் உள்ள இளக்கி வெளியே கசிந்துகொண்டே இருக்கும், டிபிஇயைத் தொட்டால் அதையும் இளக்கும், பாலிஸ்டைரீன் டப்பாவையும் இளக்கும், கட்டை லூரின் பெயிண்டையும் எடுத்துவிடும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் இது வேகமாக நடக்கும். இளக்கியை இழந்த புழு பிறகு விறைத்துப்போய்க் கிழியும். ஒவ்வொரு ரகத்தையும் அது வந்த கவரிலேயே வைத்து, நிழலில் வையுங்கள்.

கேள்வி: கிழிந்த புழுக்களை என்ன செய்வது? (ஆற்காடு)

பதில்: ஏரியில் போடாதீர்கள், மீன் விழுங்கினால் அதற்குச் செரிக்காது. சின்னக் கிழிசல் என்றால் கத்தி முனையைச் சூடாக்கி இரண்டு பக்கமும் தொட்டு ஒட்டுங்கள், பிவிசிக்கு ஃபெவிக்விக்கும் நன்றாகப் பிடிக்கும். அதற்கும் மிஞ்சியதைக் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, முள்ளும் கம்பியும் இல்லை என்று பார்த்துவிட்டு, வெட்டி மறுபடி உருக்கலாம். டிபிஇயும் சிலிகானும் அதில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் பழுப்பாகும், அதனால் பழையதையெல்லாம் கறுப்புச் சாயம் போட்டு வார்த்துவிடுங்கள். மழைக்குப் பிறகு ஏரித் தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது விராலுக்கு நான் முதலில் போடுவது கறுப்பைத்தான்.